நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, நம்ம தோல்

(மாணவர் விடுதி ஒன்றில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். துண்டறிக்கையில் ‘தலித் உடல், தலித் கவிதை’ என்று போட்டிருக்கிறது. உடல் என்று போட்டுவிட்டீர்கள், அதனால் நான் உடலைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறேன். கவிதையில் வருகிற உடல் இல்லை. அரிப்பெடுத்துச் சொறிகிற உடல். தோல். அந்தத் தோலின் மேல் நாம் தினமும் ஊற்றிக்கொள்கிற தண்ணி. இது ஆஸ்பத்திரி சமாச்சாரம், இதில் அரசியல் எங்கே வருகிறது என்று பின்னாடி உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்குத் தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எங்க ஊரில் தண்ணிக்கு ரெண்டு பேர். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. குடிக்க, சோறாக்க நல்ல தண்ணி. குளிக்க, துவைக்க, ஏனம் கழுவ உப்புத் தண்ணி. பள்ளிக்கூடத்தில் மென்னீர், கடினநீர் என்று படித்திருப்பீர்கள். கடினநீர் என்றால் கால்சியமும் மக்னீசியமும் அதிகமாகக் கரைந்திருக்கிற தண்ணி. நம்ம ஊர் உப்புத் தண்ணியில் பெரும்பாலும் உப்பும் இருக்கும், இந்தச் சுண்ணாம்புச் சத்தும் இருக்கும். எங்க காலனிக்குப் போட்ட போர் பாறைக்குள்ளே இறங்கிப் போகிறது. பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் தங்கிய தண்ணி கல்லைக் கரைத்துக் குடித்துவிட்டு மேலே வருகிறது. மோட்டார் போட்டால் முதலில் வெதுவெதுன்னு வரும். ஈயச் சொம்பில் ஒரு மாசம் காய்ச்சினால் உள்ளே வெள்ளையாகப் பொருக்குக் கட்டிவிடும். ஊர்த்தெருவில் ஏரிக்கரையோரம் வெட்டின கிணறு இருக்கிறது. அந்தத் தண்ணி இனிக்கும். எங்க பாட்டி சொல்லித்தான் எனக்கு அந்த ருசி தெரியும். அவங்களும் அந்தக் கிணத்துத் தண்ணியை அவங்களாக மொண்டு குடித்ததில்லை, யாரோ ஊற்ற, கையேந்திக் குடித்தது.

நான் பேங்க்கில் வேலை பார்க்கிறவன். விதிமுறை, சுற்றறிக்கை என்று எதைப் பார்த்தாலும் கடைசி வரியில் இருக்கிற சலுகையை முதலில் படிப்பது தொழில் பழக்கம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு ஒரு தரம் வைத்திருக்கிறது. ஐ.எஸ். 10500, 2012-இல் திருத்தியது. ஒரு லிட்டரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரைக்கும் ஏற்கலாம். கரைந்த திடப்பொருள் மொத்தம் 500 வரைக்கும். பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் கடினத்தன்மை 600, திடப்பொருள் 2000. அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு என்ன தெரியுமா? மாற்று ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் அளவு.

மாற்று ஆதாரம் இல்லாத இடம் எது தோழர்களே? எங்க காலனியிலிருந்து ஊர்க் கிணறு அரை கிலோமீட்டர்கூட இல்லை. பூமிக்கு அடியில் ஆதாரம் இருக்கிறது. அதற்குப் போகிற பாதைதான் நமக்கு இல்லை. தரம் எழுதினவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. வறட்சிப் பகுதியை நினைத்து எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த ரெண்டாவது கட்டத்தில் இந்த நாட்டில் யார் போய் விழுவார்கள் என்பதைச் சாதிதான் முடிவு செய்கிறது. எங்க போர்த் தண்ணியை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். அந்த 600-ஐயும் தாண்டித்தான் இருந்தது.

சரி, இது தோலை என்ன செய்கிறது? தோலின் மேல்தட்டு ஒரு சுவர் மாதிரி. செத்த செல்கள் செங்கல், நடுவில் இருக்கிற கொழுப்பு சாந்து. உள்ளே இருக்கிற ஈரத்தை இந்தச் சுவர் வெளியே விடாது. வெளியே இருக்கிற கிருமியை, ரசாயனத்தை உள்ளே விடாது. மேல்பரப்பு லேசான அமிலம், பி.எச். கணக்கில் 5 பக்கம். நாம் தேய்க்கிற சாதாரண சோப்புக்கட்டி 9, 10. சோப்பு அழுக்கோடு கொஞ்சம் சாந்தையும் சேர்த்துத்தான் எடுக்கும். நல்ல தண்ணியில் அலசினால் சோப்பு போய்விடும், சில மணி நேரத்தில் தோல் தன்னைச் சரிபண்ணிக்கொள்ளும். உப்புத் தண்ணியில் கால்சியம் சோப்போடு சேர்ந்து, பால் திரிகிற மாதிரித் திரிந்துபோகும். நுரை வராது. பக்கெட் ஓரத்தில் சாம்பல் கலரில் பிசுபிசுன்னு ஒட்டுதே, அதுதான். அது பக்கெட்டில் மட்டும் ஒட்டுவதில்லை. முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், கழுத்து, எங்கெல்லாம் மடிப்போ அங்கெல்லாம் தங்கும். நுரை வரலியேன்னு இன்னும் நாலு இழுப்பு சோப்புப் போடுவோம். அதுவும் திரியும். சுவரில் சாந்து போய்க்கொண்டே இருக்கும்.

எல்லாருக்கும் இதனால் வியாதி வந்துவிடாது. நல்ல சுவர் உள்ளவனுக்குக் குளித்தபிறகு தோல் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும், அவ்வளவுதான். சிலருக்குப் பிறக்கும்போதே சுவர் இளக்கம். பிலாக்ரின் என்று ஒரு புரதம். அதைச் செய்கிற மரபணுவில் குறை இருந்தால் கரப்பான் வர வாய்ப்பு அதிகம் என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலும் அயர்லாந்தின் டப்ளினிலும் இருக்கிற ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம்ம பாட்டிமார் கரப்பான் என்று சொல்வதைத்தான் டாக்டர் எக்சிமா என்கிறார். அது தொற்று நோய் இல்லை. இதை மட்டும் இன்னொரு தடவை சொல்கிறேன். கரப்பான் ஒட்டாது.

ஏன் ரெண்டு தடவை சொல்கிறேன் என்றால், எங்க அக்கா பையனுக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் அவனைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒண்ணாம் வகுப்பு. வகுப்பாசிரியை நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்பினார்: ‘பையனைத் தினமும் குளிக்க வைத்துச் சுத்தமாக அனுப்பவும்.’ எங்க அக்கா எட்டாவது படித்தவள். அந்த வரியைப் படிக்கிற அளவுக்குப் படித்தவள். அன்றையிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, சிவப்பு சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தாள். அந்த வரிக்குப் பதில் சொல்கிற மாதிரித் தேய்த்தாள். தண்ணி எங்க போர்த் தண்ணி. பையன் முழங்கை மடிப்பு வெடித்து நீர் வடிய ஆரம்பித்தது. ராத்திரி தூக்கத்தில் சொறிந்து பாயெல்லாம் ரத்தம். மறுபடி ஒரு வரி வந்தது. மறுபடி தேய்த்தாள்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், சின்ன வயசுதான், மருந்து எழுதுவதற்கு முன்னாடி கேட்டார்: ‘ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாட்டுறீங்கம்மா? என்ன சோப்பு? என்ன தண்ணி?’ கேட்டுவிட்டுச் சொன்னார், சோப்பைக் குறைங்கம்மா, நாரைத் தூக்கிப் போடுங்க. அக்கா வெளியே வந்து அழுதாள். ‘ஒருத்தி கழுவச் சொல்றா, ஒருத்தி கழுவாதேங்கிறா, நான் என்னதான்டா பண்றது’ என்றாள்.

தோழர்களே, நான் இங்கே சொல்ல வந்ததே இதுதான். ஊர்த்தெருவில் ஒரு குழந்தைக்குக் கரப்பான் வந்தால் அதற்கு வியாதி என்று பேர். பரிகாரம், பத்தியம், டாக்டர். நம்ம குழந்தைக்கு வந்தால் அதற்கு அழுக்கு என்று பேர். வியாதி வந்த உடம்புக்கு மருந்து கிடைக்கும். அழுக்கு என்று பேர் வாங்கின உடம்புக்குச் சோப்புதான் கிடைக்கும். அந்தச் சோப்பு, நமக்கென்று ஒதுக்கின தண்ணியில் திரிந்து, வியாதியை வளர்க்கும். வளர்ந்ததைக் காட்டிப் பார்த்தியா அழுக்கு என்பார்கள். நாமும் நம்மைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறோம். வெள்ளைச் சட்டை, பவுடர், வாசனை சோப்பு. நான் பேங்க்கில் சேர்ந்த புதிதில் மத்தியானம் ஒரு தடவை முகம் கழுவிக்கொண்டிருப்பேன், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு தம்பி கேட்டார், அண்ணே இதெல்லாம் ஆராய்ச்சியில் நிரூபணம் ஆயிருக்கா, இல்லே நாமளே சொல்றதா என்று. நல்ல கேள்வி. இங்கிலாந்தில் நிறையச் செய்திருக்கிறார்கள், அங்கேயும் பல ஊர்களில் தண்ணி கடினம். 1998-இல் நாட்டிங்ஹாம் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுத்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் மிகக் கடினமான தண்ணி உள்ள பகுதியில் நூற்றுக்கு 17.3 பேருக்குக் கரப்பான், மிக மென்மையான பகுதியில் 12. பெரிய பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தெளிவாக இல்லை. 2016-இல் மூன்று மாதக் குழந்தைகள் 1303 பேரைப் பார்த்ததில் கடினநீர் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. 2018-இல் ஷெபீல்டில் 80 பேரின் தோலைக் கழுவிப் பார்த்து, கடினநீரில் கழுவினால் சோப்பில் நுரைக்காகப் போடுகிற ரசாயனம் தோலில் அதிகம் தங்குகிறது, எரிச்சல் கூடுகிறது என்று காட்டினார்கள்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2011-இல் வெளியான ஆய்வு. கரப்பான் உள்ள பிள்ளைகள் 336 பேரை எடுத்து, பாதிப் பேர் வீட்டில் தண்ணியை மென்மையாக்கும் எந்திரத்தை மாட்டினார்கள். பாதிப் பேருக்கு மாட்டவில்லை. பன்னிரண்டு வாரம். யார் வீட்டில் எந்திரம் இருக்கிறது என்று தெரியாத நர்சுகள் அளந்தார்கள். ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எந்திரத்தால் தனியாக லாபம் இல்லை. எந்திரம் கம்பெனிக்காரன் வந்து இதை மாட்டினால் குழந்தைக்குத் தோல் வியாதி போய்விடும் என்று சொன்னால் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். என் கவுண்ட்டரிலேயே நகையை வைத்து இந்த மாதிரி எந்திரம் வாங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். கடினநீர் கரப்பானைக் கிளப்பிவிடும், மோசமாக்கும். அது மட்டுமே காரணம் இல்லை. வந்த பிறகு தண்ணியை மட்டும் மாற்றினால் போய்விடுவதும் இல்லை.

தண்ணியின் தரத்தைப் பேசும்போது அளவையும் பேசணும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு. திரிந்த சோப்பை அலசி எடுக்கவே நமக்குக் கூடுதல் தண்ணி வேண்டும், அதுவும் கிடைக்காது. தண்ணி பத்தாமல் வருகிற சீழ்ப்புண் போன்றவற்றை டேவிட் பிராட்லி என்கிற ஆங்கில மருத்துவர் தனி வகையாகவே பிரித்தார். குடித்து வருகிற நோய் வேறு, கழுவத் தண்ணியில்லாமல் வருகிற நோய் வேறு என்று. சிரங்கையும் அதில் சேர்ப்பார்கள். ஆனால் சிரங்குக்கு மூலம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பூச்சி. ஒரே ரூமில் எட்டுப் பேர் படுக்கிற நெரிசலில்தான் அது ஓடும். விடுதிப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்! விரல் இடுக்கில் அரிப்பு, ராத்திரியில் அதிகம், பக்கத்துப் படுக்கைக்காரனுக்கும் அரிப்பு என்றால் அது சிரங்காக இருக்கலாம். டாக்டர் தருகிற மருந்தை அறையில் இருக்கிற எல்லாரும் ஒரே நாளில் போடணும். கரப்பானையும் சிரங்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரெண்டுக்கும் சேர்த்து மெடிக்கலில் மூணு மருந்து கலந்த களிம்பு ஒன்று கொடுப்பான், உடனே கேட்கும், அதில் இருக்கிற ஸ்டீராய்டு கொஞ்ச நாளில் தோலை மெலியவைத்துவிடும். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

பேங்க்கில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். கைரேகை எந்திரம் வந்தபிறகு, முதியோர் பணம், நூறு நாள் வேலைப் பணம் எடுக்க வருகிற பெண்கள் விரலை வைப்பார்கள். எந்திரம் ஏற்காது. துடைத்து வைப்பார்கள், ஏற்காது. சேலைத் தலைப்பில் தேய்த்து வைப்பார்கள். ‘ரேகை விழல சார்’ என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், ஏதோ குற்றம் செய்த மாதிரி. விரல் நுனியைப் பார்த்தால் வெடித்து, தோல் உரிந்து, வழவழன்னு இருக்கும். அதில் நிறையப் பேர் வீட்டு வேலை செய்கிறவர்கள், தூய்மைப் பணியாளர்கள். ஜெர்மனியில் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தால் அதை ஈர வேலை என்று வகைப்படுத்தி, கைத்தோலுக்குப் பாதுகாப்புக் கொடுக்கணும் என்று வைத்திருக்கிறார்கள். நம்ம அம்மாக்களுக்கு ரெண்டு மணி நேரம் ஒரு வீட்டுக்கே போய்விடும். இதிலே ஒரு கூத்து. டவுனில் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. எந்திரம். வடிகட்டின நல்ல தண்ணி குடிக்க. எந்திரம் கழித்துத் தள்ளுகிற தண்ணி, அதாவது வந்ததைவிட இன்னும் அதிக உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த தண்ணி, வீணாகக் கூடாதாம், பக்கெட்டில் பிடித்து வைத்து ஏனம் கழுவ. யார் கை அந்தப் பக்கெட்டுக்குள் போகிறது? ரேகையை அந்தத் தண்ணியில் கரைத்துவிட்டு வந்து, தன் பணத்தை எடுக்கத் தன் விரலே சாட்சி சொல்லாமல் நிற்கிறாள்.

பாலாற்றங்கரைக் கதை இதைவிட நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புக் கழிவால் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாழ்பட்டது என்று உச்ச நீதிமன்றத்தில் பதிவானது. 1996 ஆகஸ்டில், கெடுத்தவனே ஈடு கட்டணும் என்று தீர்ப்பு வந்தது. அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் திரும்பவும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் ஏறக்குறைய முப்பது வருஷம் ஜனங்கள் அந்தக் கிணற்றுத் தண்ணியில்தான் குளித்தார்கள். தோல் பதப்படுத்தப் போடுகிற குரோமியத்தைவிடத் தண்ணியை அதிகம் கெடுத்தது பச்சைத்தோலில் கொட்டுகிற உப்பு. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மலை வேறு வகை. அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அது தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை பிடித்தால் பிறகு துளி பட்டாலும் கொப்பளிக்கும். சிமெண்ட்டில் வேலை பார்க்கிற நம்ம கொத்தனார், சித்தாள் கையில் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். ஐரோப்பாவில் 2005-லிருந்து சிமெண்ட்டில் இதற்கு உச்ச வரம்பு வைத்துவிட்டார்கள். மாட்டுத்தோலை உரித்து, ஊறவைத்து, பதப்படுத்தினவன் தோல் என்ன ஆனது என்று எந்தச் சாதி வரலாறும் எழுதவில்லை.

தண்ணியின் தரம் என்றால் ஆதிக்கச் சாதிக்கு அது வேற ரசாயனம். 1927 மார்ச் 20-ஆம் தேதி மகத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் தண்ணி குடித்தார்கள். பிறகு அந்தக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்ய என்ன ஊற்றினார்கள்? பால், தயிர், சாணி, மாட்டு மூத்திரம், 108 பானை. இந்தத் தண்ணியை எந்த ஆய்வகத்தில் கொடுத்தாலும் எது அழுக்கு என்று சொல்லிவிடும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம்ம ஜனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் மிதந்தது. அது உங்களுக்குத் தெரிந்த கதை, நான் விரிக்கவில்லை.

மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ரெண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். உங்களுக்கு ஒன்று. உங்க பாடப் புத்தகத்தில் கரப்பான் சிவப்பாக இருக்கும் என்று எழுதியிருக்கும். அது வெள்ளைத் தோலின் சிவப்பு. நம்ம கருப்புத் தோலில் அது சாம்பலாக, கரும்பழுப்பாக, சில சமயம் ஊதாவாகத் தெரியும். சின்னச் சின்னப் பொரியாக வரும். ஆறினபிறகும் கருந்தழும்பு மாசக்கணக்கில் நிற்கும். சிவப்பைத் தேடுகிற கண்ணுக்கு அது நோயாகப் படாது, அழுக்காகப் படும். மலோன் முக்வெண்டே என்று லண்டனில் ஒரு கருப்பின மாணவர், மருத்துவம் படிக்கும்போதே, கருப்புத் தோலில் நோய் எப்படித் தெரியும் என்று ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-இல் ஒரு கையேடு கொண்டுவந்தார். நம்ம தோலுக்கு நீங்கள் ஒன்று கொண்டுவாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். குளிக்கிறதை நிறுத்த வேண்டாம், ஒரு தடவை போதும், சீக்கிரம் முடிக்கணும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும். கடைசி ரெண்டு சொம்பு மட்டுமாவது நல்ல தண்ணியோ பிடித்து வைத்த மழைத் தண்ணியோ ஊற்ற முடிந்தால் ஊற்றுங்கள். ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். தேங்காய் எண்ணெய் கரப்பானுக்கு உதவுகிறது என்று பிலிப்பைன்ஸில் பிள்ளைகளிடம் சோதித்து 2014-இல் எழுதியிருக்கிறார்கள். பயத்தமாவு சுண்ணாம்புத் தண்ணியில் சோப்பு மாதிரித் திரியாது, ஆனால் புண் வெடித்திருக்கும்போது அதுவும் வேண்டாம். தண்ணியைக் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பில் ஒரு பங்குதான் கீழே படியும், மீதி அப்படியே இருக்கும். நீர் வடிந்தால், சீழ் பிடித்தால், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போங்கள். அக்கா பையன் இப்போது ஆறாவது படிக்கிறான். கரப்பான் மழைக்காலத்தில் அடங்கும், கோடையில் போர்த்தண்ணி இறங்கும்போது திரும்ப வரும்.

மீதி வீட்டில் செய்யக்கூடியது இல்லை. மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகம் இருக்கிறது, பொதுமக்கள் கொடுத்தாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதிப்பார்கள். ஊராட்சிகளில் பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தந்திருக்கிறார்கள், உங்க ஊர்ப் பெட்டி யார் வீட்டுப் பரண் மேல் இருக்கிறது என்று கேளுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ரெண்டு சுத்தமான பாட்டில் எடுத்துப் போங்கள். ஒன்றில் ஊர்த் தண்ணி, ஒன்றில் காலனித் தண்ணி. அஞ்சு நிமிஷம் குழாயை ஓடவிட்டு, அதே தண்ணியில் பாட்டிலை மூணு தடவை அலசி, விளிம்பு வரைக்கும் பிடித்து, தேதியும் இடமும் எழுதி ஒட்டி, மறுநாளே ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். ரெண்டு முடிவையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, மார்ச் 22 கிராம சபையில் படித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பாட்டில் வாங்கக் காசில்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள், ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறேன்.